பூச்சிக்கு வந்த யமன்

நாவல் எழுதிப் பிழைப்பவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதையில் வில்லன் தலைகாட்டினால், அவனுக்குச் சரியான எதிராளி எங்கே என்று தேடத் தொடங்கிவிடுவான். 2009-ஆம் ஆண்டு அம்பத்தூரில் எங்கள் கொல்லைப் பப்பாளியில் ஒரு வில்லன் வந்து சேர்ந்தான். இலைக்கடியில் பஞ்சை அப்பினாற்போல் மாவுப்பூச்சி! அப்போது மட்டும் அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. கைப்பம்பை எடுத்து மருந்தை அடித்தேன். பூச்சியோ மெழுகுப் போர்வைக்குள் சுகமாக இருந்தது.

வேலிக்கு அப்பால் இருந்த அம்மாளுக்கு இது விளையாட்டல்ல. பன்னிரண்டு மரத்துப் பழத்தை விற்றுத்தான் மகளைப் படிக்க வைத்தார். அவற்றில் ஏழை அவரே வெட்டிச் சாய்த்ததைக் கண்ணால் கண்டேன்.

இந்தப் பூச்சியின் சொந்த ஊர் மெக்ஸிகோ பக்கம். இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் கோயமுத்தூரில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எதையும் அது விடவில்லை. வில்லன் கடல் கடந்துவிட்டான். அவனை அடக்கும் எதிராளி ஊரிலேயே தங்கிவிட்டான். சங்கதி அவ்வளவுதான்.

உலகத்துக்கு இது புதிதல்ல. 1880-களில் ஆஸ்திரேலியச் செதில்பூச்சி ஒன்று கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைச் சூறையாடியது. ஆல்பர்ட் கோபெலே என்பவர் 1888-இல் ஆஸ்திரேலியாவுக்கே போய், அதைத் தின்னும் பொறிவண்டைத் தேடி அனுப்பினார். இரண்டே ஆண்டுகளில் தோட்டங்கள் பிழைத்தன.

2010-இல் பெங்களூர் விஞ்ஞானிகளும் அதே வழியில் சென்றார்கள். அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியுடன் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் வந்தன. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விநியோகித்தது. முன் நின்றது ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்ற வகை. உடம்பு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! மாவுப்பூச்சிக்குள் அது முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று தீர்க்கும். பிறகு குளவியாகித் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

2011-இல் பூந்தமல்லியில் தோட்டம் வைத்திருந்த என் மாமனார் ஒரு சிறு குப்பியுடன் வந்தார்.

“மாப்பிள்ளை, இனி அந்தப் பம்பைத் தொடாதீர்கள். மருந்தடித்தால் முதலில் சாவது இவைதாம்” என்றார்.

சில மாதங்களில் ஓட்டை விழுந்த வெற்றுக் கூடுகளே மிஞ்சின. ஓர் இலையைப் பறித்துப்போய் அடுத்த வீட்டு அம்மாளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இதைக் கொஞ்சம் முன்னாலேயே கொண்டு வந்திருக்கக் கூடாதா, தம்பி?” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுவாரம் வேலிக்கு அப்பால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஏழு கன்றுகளுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.