இலுப்பைப் பூவா, சர்க்கரையா?

1986 ஆகஸ்ட் முதல் வாரம். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேப்பரைப் பங்கு போட்டுப் படிப்பது எங்கள் வழக்கம். முதல் பக்கம் மேஜைக்கு மூத்தவருக்கு, விளையாட்டுப் பக்கம் எனக்கு. எடின்பரோ காமன்வெல்த் போட்டிகள் முடிந்திருந்த சமயம். ஷட்டில் ஆண்கள் இரட்டையரில் ஸ்காட்லாந்தின் பில்லி கில்லிலண்ட், டான் டிராவர்ஸ் ஜோடிக்குத் தங்கம் என்று உரக்கப் படித்தேன். எதிர் நாற்காலி நண்பர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு மீது பொருளாதாரத் தடை விதிக்க தாட்சர் அம்மையார் மறுத்த காலம் அது. அதைக் கண்டித்து, 59 நாடுகளில் 32 நாடுகள் எடின்பரோவுக்குப் போகவில்லை. இந்தியா போகவில்லை. மலேசியாவும் போகவில்லை. மலேசியா இல்லாத ஷட்டில் என்பது உப்பில்லாத பந்தி. 1982 பிரிஸ்பேன் போட்டியில் ஆண்கள் இரட்டையர் தங்கம் அவர்களுடையது. அதே ஆண்டு ஆல் இங்கிலாந்து பட்டத்தையும் ரசீஃப், ஜலானி என்ற சிடெக் சகோதரர்கள் கொண்டுபோனார்கள்.

நம் பக்கத்திலும் இழப்பு உண்டு. பிரிஸ்பேனில் ஒற்றையர் தங்கம் வென்றவர் நம் சையத் மோடி. அதைத் தக்கவைத்துக்கொள்ளும் வாய்ப்பு 1986-ல் அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த போட்டி 1990-ல் ஆக்லாந்தில். அதற்குள் 1988 ஜூலையில் லக்னோவில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். புறக்கணித்தது சரியா என்று கேட்டால், சரி என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். ஆனால் அதற்கான விலையை டெல்லியில் கோப்பு எழுதியவர்கள் கொடுக்கவில்லை. மட்டை பிடித்தவர்கள் கொடுத்தார்கள்.

சரி, கில்லிலண்டுக்கு வருவோம். அன்று சிரித்த நான், பிறகு பழைய ஆட்டங்களின் முடிவுகளைத் தேடிப் படித்தபோதுதான் என் சிரிப்பு தப்பு என்று தெரிந்தது. 1985 மார்ச் மாதம், அதாவது எடின்பரோவுக்கு ஓராண்டு முன்னால், லண்டன் வெம்ப்ளியில் ஆல் இங்கிலாந்து போட்டி. அங்கே யாரும் யாரையும் புறக்கணிக்கவில்லை. சீனா, கொரியா, இந்தோனேசியா, டென்மார்க் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆண்கள் ஒற்றையர் சீனாவின் ஜாவோ ஜியான்ஹுவாவுக்கு. பெண்கள் ஒற்றையரும் இரட்டையரும் சீனாவுக்கு. ஆண்கள் இரட்டையர் கொரியாவின் பார்க் ஜூ-பாங், கிம் மூன்-சூ ஜோடிக்கு. ஐந்து பட்டங்களில் நான்கை ஆசியா அள்ளிக்கொண்டது. மிச்சமிருந்த ஒன்று கலப்பு இரட்டையர். அதை வென்றவர்கள் கில்லிலண்டும் இங்கிலாந்தின் நோரா பெர்ரியும். இதை இலுப்பைப் பூ என்று எப்படிச் சொல்வது?

நோரா பெர்ரியைப் பற்றி ஒரு வார்த்தை. கலப்பு இரட்டையரில் அன்றைய வழக்கம், பெண் வலையருகே நிற்பார், ஆண் பின்னால் நின்று அடிப்பார். வலையருகே இந்த அம்மையாரின் கைவேலை பேர்போனது. ஆல் இங்கிலாந்து கலப்பு இரட்டையரை இங்கிலாந்தின் மைக் டிரெட்ஜெட்டுடன் ஜெயித்தார், ஸ்வீடனின் தாமஸ் கில்ஸ்ட்ராமுடன் ஜெயித்தார், பிறகு ஸ்காட்லாந்தின் கில்லிலண்டுடன் ஜெயித்தார். மூன்று நாட்டு ஆண்கள்! அப்படியானால் பெருமை அந்த அம்மாவுக்குத்தானே என்று கேட்பீர்கள். பாதி சரி. ஆனால் பழைய முறையில் சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் பாயிண்ட். செகண்ட் ஹேண்டும் போனால் எதிராளியிடம் பறித்து வாங்க வேண்டும். பின்னால் ஓடி ஓடி அதைப் பறித்துக் கொடுக்க ஓர் ஆள் தேவை. கிளப்பில் ஆடியவர்களுக்கு இந்த வலி தெரியும். இப்போது 21 பாயிண்ட் முறை, யார் ஜெயித்தாலும் பாயிண்ட். பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

இன்னொன்றும் அன்று எனக்குத் தெரியாது. ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து என்று ஒரு அணி கிடையாது, எல்லாரும் பிரிட்டன் கொடியின் கீழ்தான். ஷட்டிலுக்கோ 1992 பார்சிலோனா வரை ஒலிம்பிக்கில் பதக்கமே இல்லை. ஆக, ஒரு ஸ்காட்லாந்துக்காரன் தன் ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு பல விளையாட்டுகள் நடக்கும் பெருவிழாவில் இறங்க காமன்வெல்த் ஒன்றுதான் வழி. அதுவும் தன் நாட்டுத் தலைநகரிலேயே, தன் சனங்கள் முன்னால். அன்று மேடையில் ஏறினால் ஒலித்தது பிரிட்டிஷ் கீதம் அல்ல, 'ஸ்காட்லாந்து தி பிரேவ்'. டெல்லிக்குக் கட்டுப்பட்டாலும் தனிப்பெயரோடு இருக்கும் எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் பிரெஞ்சில் படித்தவன். ஷட்டில்காக்கை எங்கள் வாத்தியார் 'வொலான்' என்பார். காரின் ஸ்டீயரிங்குக்கும் அதே சொல்தான், பையன்களுக்கு ஒரே சிரிப்பாக இருக்கும். 1934-ல் உலக பாட்மின்டன் சம்மேளனத்தைத் தொடங்கிய ஒன்பது நாடுகளில் பிரான்சும் ஒன்று, ஸ்காட்லாந்தும் ஒன்று. இந்தியா 1936-ல் சேர்ந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பூனாவில் ஆடி ஊருக்குக் கொண்டுபோன ஆட்டத்துக்கு நாம் இரண்டு வருஷம் தாமதமாகப் போய் உறுப்பினரானோம்.

1985 வெம்ப்ளி முடிவுகளை ஒரு தாளில் எழுதி எதிர் நாற்காலி நண்பரிடம் காட்டியபோது, நாங்கள் இருவருமே ஓய்வு பெற்றிருந்தோம். கடற்கரைச் சாலையில் காலை நடை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "மலேசியா வந்திருந்தா எடின்பரோவுல ஜெயிச்சிருப்பாங்களா, அதைச் சொல்லுங்க" என்றார். தெரியாது என்றேன். தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை.