துடுப்பும் இரவும்

சின்னப் பாய்மரப் படகு ஒன்றைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்வது, ஏரியிலோ ஆற்றிலோ இறக்கி நாலைந்து நாள் திரிவது, மாலையில் கரையேறிக் கூடாரம் அடித்து உறங்குவது: இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறை இது. திருச்சியில் சொன்னால் சிரிப்பார்கள். இத்தனைக்கும் காவிரியும் கொள்ளிடமும் இங்கே இருக்கின்றன, முக்கொம்பும் கல்லணையும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆற்றில் ஆண்டு முழுவதும் நீர் இல்லையே என்பார்கள். சரி. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் ஜூனில் திறந்து ஜனவரியில் அடைப்பதே வழக்கம். அந்த ஏழு மாதத்திலாவது பெண்கள் படகேறிப் போயிருக்கிறார்களா? பெண்ணுக்கும் நீருக்கும் உள்ள உறவின் வரலாற்றைப் புரட்டினால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

நீரில் இறங்குவதற்குத் தமிழ்ப் பெண்ணுக்குத் தடை இருந்ததில்லை. பரிபாடலில் வையைக்கென்றே பாடல்கள் உண்டு. சாந்தும் மாலையுமாக மதுரைப் பெண்கள் புதுப்புனலுக்குத் திரள்வதை அவை விரித்துச் சொல்கின்றன. குறுந்தொகையில் தோழி புணையின் தலைப்பக்கத்தைப் பிடித்தால் தலைவியும் அதையே பிடிக்கிறாள், கடைப்பக்கத்தைப் பிடித்தால் இவளும் அங்கே வருகிறாள். தோழமைக்கு இதைவிட நல்ல சித்திரம் இல்லை. ஆனால் புணை மிதப்பதற்கு மட்டுமே. அதற்குத் துடுப்பு கிடையாது, அக்கரை கிடையாது. ஆட்டம் முடிந்ததும் வீடு திரும்ப வேண்டும்.

ஆற்றங்கரையில் நம் இலக்கியம் நிறுத்தி வைத்திருக்கும் பெண் ஆதிமந்தி. காவிரி ஆட்டனத்தியை அடித்துக்கொண்டு போக, அவள் கரையோரமாகத் தேடி அலைகிறாள். அவளைப் பற்றிப் பிறரும் பாடினார்கள். அவள் பெயரில் குறுந்தொகையில் ஒரு பாடலும் இருக்கிறது. அதே கதையில் இன்னொருத்தி உண்டு. ஆதிமந்திக்கு அவள் காதலனைக் காட்டிவிட்டுத் தான் கடலுக்குள் போய்விட்டவள், மருதி. பரணர் அவளுக்குக் கொடுத்தது ஓரிரு அடிகள். கரையில் நின்று அழுதவளுக்குக் கதை கிடைத்தது. நீருக்குள் சென்றவளுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது.

ஆடிப்பெருக்கு இந்த மரபின் தொடர்ச்சி. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையில் அன்று முழுக்கப் பெண்கள்தான். காதோலை கருகமணி, மஞ்சள் சரடு, முளைப்பாரி, சித்திரான்னம். பெண்களே நடத்தும் விழா என்று கொண்டாடுகிறோம். கொண்டாடலாம்தான். எனினும் அன்றைய வேண்டுதல்களைக் கேட்டுப் பாருங்கள்: கணவனின் ஆயுள், வீட்டின் வளம். புளியோதரையும் தயிர்சாதமும் விடியலுக்கு முன்பே அவள் கையால் கிளறப்பட்டவை. அவள் ஏற்றிய விளக்கு இலையில் மிதந்து போகிறது, அவள் படியேறி வீட்டுக்குப் போகிறாள்.

மேலைநாட்டுக் கதை இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. படகு விடுமுறையைப் பிள்ளைகளின் கனவாக்கிய நாவல்களில் முதன்மையானது ஆர்தர் ரான்சம் 1930இல் எழுதிய ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’. நான்கு உடன்பிறப்புகள் பாய்மரப் படகில் ஏரித் தீவுக்குப் போய்க் கூடாரம் அடிக்கிறார்கள். அப்பாவின் சம்மதம் தந்தியில் வருகிறது. மூத்தவன் ஜான் கேப்டன். சூசன் அவனுக்கு அடுத்த பொறுப்பு; அடுப்பும் தேநீரும் உறங்கும் நேரமும் அவள் தலையில். ஆனால் எதிரே வரும் படகுக்கு நான்சி என்ற சிறுமி கேப்டன். அந்த ஒருத்தியைப் படித்துவிட்டுப் படகேற ஆசைப்பட்ட சிறுமிகள் எத்தனையோ பேர். நமக்குக் கல்கி 1950களில் பூங்குழலியைத் தந்தார். கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனை இலங்கைக்குப் படகில் கொண்டு சேர்ப்பவள் அவள். அவளைக் காதலித்தோம். துடுப்பு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கதையிலிருந்த படகு இரண்டாம் உலகப் போருக்குப் பின் சாமானியர் வீட்டுக்கு வந்தது. நீரில் பிரியாத பசையும் ஒட்டுப்பலகையும் அதைச் சாத்தியமாக்கின. 1957இல் இயன் புராக்டர் வடிவமைத்த ‘வேஃபேரர்’ ஐந்து மீட்டருக்கும் குறைவான நீளம். பாயின் அடிக்கட்டைமேல் கித்தானை விரித்தால் படகே கூடாரம். 1963இல் ஒரு செய்தித்தாள் நிறுவனம் முன்னின்று கொண்டுவந்த ‘மிரர்’ இன்னும் சிறியது. பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். நம் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளும் தைத்துக் கட்டியவைதாம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வேஃபேரரில் ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் கடல் கடந்த ஃபிராங்க் டையின் பெயர் புகழ்பெற்றது. அவர் மனைவி மார்கரெட் டை அவரோடு பயணம் செய்தார், அவரோடு சேர்ந்து எழுதினார். பிறகு சிறுபடகுப் பயணத்துக்குத் தனியாக ஒரு கைநூலும் எழுதினார். உடன்போனவள் என்ற இடத்திலிருந்து கற்றுத்தருபவள் என்ற இடத்துக்கு வந்தவர் அவர்.

நம் பக்கம் பாய்மரம் வெள்ளைக்காரத் துரைகளின் விளையாட்டாகவே நுழைந்தது. ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் துறைமுகப் பொறியாளர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ஆண்டு 1911. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து ஒரு பெண் முதன்முதலாகத் தகுதி பெற்றது 2021இல். அவர் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். இடையில் 110 ஆண்டுகள்.

விடுமுறை என்பதே சட்டம் தந்த பொருள். 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்றது. 1960களில் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை எழுந்து, கைலாசபுரம் குடியிருப்பு உருவானபோது, அந்த விடுப்பும் சேர்ந்து வந்தது. வேலைக்குப் போனவருக்கு வந்தது. வீட்டிலிருந்தவளின் அடுப்புக்கு எந்தப் பிரிவும் விடுப்புத் தரவில்லை. முக்கொம்புக்குச் சுற்றுலா என்றால் அவளுக்கு அன்று நான்கு மணிக்கே விடியும். அதே சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் பெண் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்றது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் இரவு யாருடையது என்பதையும் அது சொல்லிவிட்டது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. ஆற்றங்கரை இரவுக்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை. போடத் தேவையிருக்கவில்லை.

சோற்றுக்கே வழியில்லாதபோது படகு விடுமுறை என்ன கேடு என்று கேட்கலாம். அதற்கான பதிலை 2004 டிசம்பர் 26 தந்துவிட்டது. கடலூர் மாவட்டத்தில் சுனாமியில் இறந்தோரில் ஆண்கள் 146, பெண்கள் 391 என்று ஆக்ஸ்ஃபாம் பதிவு செய்தது. ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தார்கள்; ஆழத்தில் அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போயிற்று. பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். நீச்சலும் மரமேறுதலும் ஆண்பிள்ளைகள் விளையாட்டுப் போக்கில் கற்றுக்கொண்டவை. விளையாட நேரம் கிடைக்காதவளுக்கு அந்தக் காலையில் தப்பிக்கும் வழியும் குறைவாகவே இருந்தது. என் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்கள் கைதூக்குங்கள் என்று கேட்கும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களும் நினைவுக்கு வருகின்றன. காவிரிக்கரைப் பிள்ளைகள் அவர்கள். உயரும் கைகள் மிகச் சில.

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ பாய்மரக் கப்பல் புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் இருவர்: கோழிக்கோட்டின் தில்னா, புதுச்சேரியின் ரூபா. 2025 மே இறுதியில் உலகைச் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். ஒருத்தி உறங்க ஒருத்தி விழித்திருந்து, ஏறத்தாழ எட்டு மாத இரவுகளைத் தங்கள் பொறுப்பில் கடந்தார்கள்.

காவிரியில் அவ்வளவெல்லாம் வேண்டியதில்லை. இழுவை வண்டியே தேவைப்படாத படகு நம்மிடம் முன்பே இருக்கிறது. மூங்கில் பின்னித் தார் பூசிய பரிசலை ஒருவர் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். பள்ளிப் பெண்களுக்கு நீச்சல், பிறகு பரிசல் தள்ளப் பழக்கம், படித்துறையில் விளக்கு, பூட்டாத கழிப்பறை, ஒரு நாள் சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்வது. கேட்க வேண்டியவை இவ்வளவுதான். ஆடிக்கு ஆடி ஆற்றிடம் வேண்டிக்கொள்வதோடு, இவற்றை நகராட்சியிடமும் வீட்டிலும் கேட்கத் தொடங்கலாம்.