ஒரு சிட்டிகை மருந்து

சென்னையிலிருந்து கடலோரமாக மாமல்லபுரத்துக்குப் போகிறவர்களுக்கெல்லாம் பல்லவர்கள் பேரில்தான் ஞாபகம். வழியில் கோவளம் என்று ஓர் ஊர் வருவதையும், அங்கே ஒரு காலத்தில் கோட்டை ஒன்று இருந்ததையும் யாரும் லட்சியம் செய்வதில்லை. செய்யவேண்டும் என்று நான் வற்புறுத்தவும் மாட்டேன். கல்லிலே யானையை உயிரோடு நிறுத்திய சிற்பிகளுக்கு முன்னால் நவாபு காலத்துக் கோட்டை எம்மாத்திரம்? ஆனால் 1752-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்தக் கோட்டை வாசலில் நடந்த கூத்து கொஞ்சம் ருசியானது.

கோட்டை அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அதைப் பிடிக்கக் கும்பினியார் அனுப்பிய கிளைவின் பட்டாளத்தில் இருந்தவர்கள் புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்கள். அப்போதுதான் கப்பலை விட்டு இறங்கிய 200 வெள்ளைக்காரர்கள். லண்டன் சந்துகளிலே ஆள்பிடிக்கிறவர்கள் வாரிக்கொண்டு வந்த சரக்கு இந்த இருநூறும். கோட்டையிலிருந்து ஒரு குண்டு வந்தது, ஒருவன் செத்தான், மற்றவர்கள் திரும்பிப் பாராமல் ஓட்டம் பிடித்தார்கள். இன்னொரு சமயம் பீரங்கிச் சத்தம் கேட்டு மறைந்த காவல்காரன் ஒருவனைச் சில மணி நேரம் கழித்துக் கிணற்றுக்குள்ளிருந்து கண்டெடுத்தார்கள். மெக்காலே எழுதி வைத்திருக்கும் சங்கதி இது. அவர் இங்கிலீஷ்காரரின் புகழைக் குறைத்து எழுதுகிறவர் அல்ல.

அந்தப் பட்டாளந்தான் கோவளத்தைப் பிடித்தது. கோட்டை விழுந்த செய்தி தெரியாமல் செங்கற்பட்டிலிருந்து உதவிக்கு ஒரு படை வந்துகொண்டிருந்தது. கிளைவ் வழியில் பதுங்கியிருந்து தாக்கினார். ஒரே வேட்டில் நூறு பேர் விழுந்தார்கள். முந்நூறு பேர் கைதிகள். ஓடினவர்களைச் செங்கற்பட்டு வாசல் வரை துரத்திக்கொண்டு போய் அந்தக் கோட்டையையும் முற்றுகையிட்டார். ஒரு பக்கம் ஏரியும் மற்றப் பக்கங்களில் சேறும் அகழியுமாக, எளிதில் நெருங்க முடியாது என்று பேரெடுத்த கோட்டை அது. மதிலில் உடைப்பு விழுந்ததும் பிரெஞ்சுத் தளபதி சமாதானமாக ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். இன்று அந்தக் கோட்டையை ஊடுருவிக்கொண்டு ரயில் போகிறது.

எனக்குக் கிளைவைப் பற்றிப் பேச ஆசையில்லை. அந்த "ஒரே வேட்டு" என்ற வார்த்தையில்தான் மனம் நிற்கிறது. கிணற்றில் ஒளிகிற ஆசாமிகளை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளை ஒரே கணத்தில் வெடிக்கச் செய்வது லேசான காரியமா?

அந்நாளில் தோட்டா என்பது வெறும் காகிதப் பொட்டணம். உள்ளே மருந்தும் ஈயக் குண்டும். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு சின்னஞ்சிறு கிண்ணி உண்டு. முதலில் அதில் ஒரு சிட்டிகை மருந்தைக் கொட்டி மூடிவிட்டு, மிச்சத்தையும் குண்டையும் குழாய்க்குள் போட்டு இடிப்பான். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கிண்ணியில் விழும். அந்த நெருப்பு பக்கத்திலுள்ள நுண்ணிய துவாரத்தின் வழியே உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். துவாரத்துக்குப் பற்றுவாய் என்று பெயர். கிண்ணியில் வைக்கிற சிட்டிகை மருந்துக்கு நம் முன்னோர் வைத்திருந்த பெயர் ரஞ்சகம். இன்பம் தருவது என்றும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டு. மனோரஞ்சிதப் பூவும் துப்பாக்கி மருந்தும் ஒரே வேரில் பிறந்தவை என்பது பாஷையின் குறும்பு.

இந்த ரஞ்சகம் குறைந்தால் பற்றாது. அதிகமானால் முகத்தைத் தீய்க்கும். காற்று அடித்தால் பறந்துவிடும். மழை பெய்தாலோ கதையே முடிந்தது. பிளாசியில் 1757-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து மழை நவாபின் மருந்தை நனைத்தது. கும்பினியார் தார்ப்பாய் போட்டு மூடிக் காப்பாற்றிக்கொண்டார்கள். சரித்திரப் புத்தகங்கள் துரோகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. தார்ப்பாயைப் பற்றி ஒரு வரி போதும் என்று நினைக்கின்றன.

ரஞ்சகத்தின் குறையை முதலில் தெரிந்துகொண்டவை மனிதர்களல்ல, பறவைகள். கிண்ணியில் பளிச்சென்று தீ எழுந்தபின்தான் குண்டு வெளியே வரும். இரண்டுக்கும் நடுவே இமைக்கும் நேரந்தான். நீர்ப்பறவைக்கு அது போதும். செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஏரிக்குப் பருவந்தோறும் வந்த நாரைகளுக்கும் கொக்குகளுக்கும் இந்த அனுபவம் நிறைய ஏற்பட்டிருக்கும். வெள்ளைக்காரச் சோல்ஜர்கள் வந்து சுட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த குடியானவர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். லயனல் பிளேஸ் என்ற அந்தக் கலெக்டர் 1798-இல் அவர்களுக்குச் சாதகமாக உத்தரவு கொடுத்தார். துப்பாக்கியைக் காகிதம் தடுத்து நிறுத்திய அபூர்வமான சந்தர்ப்பம்!

ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்று ஒரு பாதிரியார். அவருக்கும் இதே தொல்லை, ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருந்து. வாத்துகள் ரஞ்சகத்தின் ஒளியைக் கண்டு தப்பிக்கின்றனவே என்று வருத்தப்பட்டார். தட்டினாலே வெடிக்கிற ரசாயனப் பொடி ஒன்றை எடுத்துக்கொண்டு, கல்லும் கிண்ணியும் இல்லாத ஒரு விசையைச் செய்து 1807-இல் காப்புரிமை வாங்கினார். அந்த விசையின் உயிர் ஒரு சிறு உலோகப் புட்டி. அத்தர்ப் புட்டி மாதிரியே இருக்கும். அதைத் திருப்பினால் ஒரு வெடிக்கு வேண்டிய பொடி, கூடாமல் குறையாமல், பற்றுவாயருகில் வந்து விழும். திருப்பிவிட்டால் மிச்சப் பொடி பத்திரமாக ஒதுங்கிவிடும். சிப்பாயின் விரல் செய்துவந்த உத்தியோகத்தை ஓர் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

ஃபோர்சைத்துக்கு லண்டன் கோபுரக் கோட்டையிலேயே இடம் கொடுத்து ஆதரித்தவர் மொய்ரா பிரபு. அவருக்குப் பின் வந்த சாதம் பிரபு, பாதிரியாரைச் சாமான்களோடு வெளியேற்றினார். மொய்ரா பிரபு 1813-இல் இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரலாக வந்து பத்து வருஷம் ஆண்டார். அவர் காலத்தில் மராட்டியரோடு நடந்த யுத்தத்திலும் கும்பினிச் சிப்பாய்கள் கையில் அதே பழைய சக்கிமுக்கிதான்! நல்ல யோசனையைத் தெரிந்தவர் பதவிக்கு வந்தால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

பிறகு அந்தப் பொடியைச் சின்னச் செம்புத் தொப்பிக்குள் அடைத்தார்கள். நம் ஊரில் கேப்பு என்கிறோமே, அது. 1834-இல் ஊல்விச்சில் இரண்டு வகையிலும் ஆறாயிரம் வேட்டுப் போட்டுப் பரீட்சித்தார்கள். சக்கிமுக்கித் துப்பாக்கி ஆறரைக்கு ஒன்று வீதம் பொய்த்தது. கேப்புத் துப்பாக்கி ஆயிரத்துக்கு ஆறுதான். இதற்கு மேலும் சாட்சி வேண்டுமா? வேண்டியிருந்தது. அந்தச் சாட்சியைச் சொல்லும் பொறுப்பு நம் சென்னைச் சிப்பாய்கள் தலையில் விழுந்தது.

அபின் விற்பதற்காக இங்கிலீஷ்காரர் சீனாவோடு தொடுத்த யுத்தத்துக்கு, 37-ஆவது சென்னைக் காலாட்படையையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். அபினில் அந்தச் சிப்பாய்களுக்குக் காலணா பாத்தியதை கிடையாது, சம்பளத்துக்குப் போனார்கள். 1841-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி என்ற கிராமப்புறத்தில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் ஈட்டியும் கத்தியுமாகத் திரண்டு வந்தார்கள். தங்கள் மண்ணுக்காக வந்தவர்கள். அந்நேரம் இடியும் மின்னலுமாக மழை கொட்டியது. வயல்வரப்பு எது, தண்ணீர் எது என்று தெரியாத இருட்டில் அறுபது சிப்பாய்கள் கொண்ட ஒரு கம்பெனி மற்றப் படையிலிருந்து பிரிந்துபோயிற்று. விசையை இழுத்தால் ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. கிண்ணி நிறையத் தண்ணீர்.

நாலு பக்கமும் முகம் காட்டிச் சதுரமாக நின்றார்கள். துப்பாக்கி நுனியில் செருகிய ஈட்டிதான் துணை. தலைப்பாகையின் உள்துணி மட்டும் நனையாமல் இருந்தது. அதைக் கிழித்துக் குழாயைத் துடைத்து, மழை சற்று ஓய்ந்த சமயத்தில் சில வேட்டுகள் போட்டார்கள். மீண்டும் மழை. விழுந்துபோன ஒரு சிப்பாயின் துப்பாக்கியைச் சீனர் ஒருவர் எடுத்தார். கிண்ணியில் புது மருந்து வைத்துத் தம் கையிலிருந்த திரியினால் பற்றவைத்து ஓர் இளம் அதிகாரியின் கையில் சுட்டார். கல் தோற்ற இடத்தில், அதைவிடப் பழைய திரி ஜெயித்தது!

இரவு வெகுநேரம் கழித்துத் தேடிக்கொண்டு வந்தவை கடற்படைச் சோல்ஜர்களின் இரண்டு கம்பெனிகள். அவர்கள் கையில் இருந்தவை கேப்புத் துப்பாக்கிகள். அதே மழையில் அவை வெடித்தன. சீனர் கூட்டம் கலைந்தது, சிப்பாய்கள் மீண்டார்கள். ஒருவன் மாண்டான்; பத்துக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். படைக்குக் கிரனேடியர் என்ற பட்டம் கிடைத்தது. வெள்ளைக்காரனுக்குக் கேப்பு, கறுப்பனுக்குக் கல் என்று பங்கு பிரித்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஊல்விச் பரீட்சை நடந்து அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது.

பின்னால் வந்த மாறுதல்களை வேகமாகவே சொல்லிவிடலாம். 1866-ஐ ஒட்டி ஊல்விச்சைச் சேர்ந்த பாக்ஸரும் அமெரிக்கரான பெர்டானும் கேப்பைப் பித்தளைத் தோட்டாவின் அடியிலேயே பொருத்த ஆளுக்கொரு வழி கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷ்காரரின் வழி அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கரின் வழி ஐரோப்பாவில். பாக்ஸர் முறையில் நடுவே ஒரே துவாரம். சுட்டு முடிந்த தோட்டாவிலிருந்து பழைய கேப்பைக் குத்தித் தள்ளிப் புதியதை வைப்பது சுலபம். அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இதற்கென்று ஓர் அச்சு இயந்திரமே வீட்டில் வைத்திருக்கிறார்கள். கைப்பிடியை அழுத்த அழுத்த, ஒரு குழாயிலிருந்து கேப்பு ஒவ்வொன்றாக இறங்கும். இரண்டு சேர்ந்து இறங்கக்கூடாது. ஒன்று சரிந்து நிற்கக்கூடாது. நசுங்கினால் குழாய் முழுவதும் வெடித்துவிடலாம். அவர்கள் மணிக்கணக்காக அதைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்களாம். பாதிரியாரின் அத்தர்ப் புட்டி வயசாகி வேறு வேஷத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நடுவில் 1845-இல் மேனார்டு என்ற அமெரிக்கப் பல்வைத்தியர் ஒரு தந்திரம் செய்தார். காகித நாடாவில் வரிசையாக மருந்துப் பொட்டுகள் வைத்துச் சுருட்டித் துப்பாக்கிக்குள் அடைத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டு தானாக முன்னே வரும். அமெரிக்க ராணுவம் 1855-இல் மெச்சி எடுத்துக்கொண்டது. ஈரத்தில் நமத்துப்போகிறது என்று 1861-இல் கைவிட்டது. ஆனால் நாடா செத்துப்போகவில்லை. தீபாவளிக்குக் குழந்தைகள் பொம்மைத் துப்பாக்கியில் போடுகிற சுருள் கேப்பு அதன் வாரிசுதான். ஐப்பசி மழையில் அதுவும் நமத்துப்போகும். செங்கற்பட்டுக் கடைக்காரர்கள் அதைத் தகர டப்பாவில் போட்டு மூடித்தான் வைத்திருப்பார்கள்.