தினமும் வருபவரா, ஒருமுறை வருபவரா? தீம் பார்க் ஆண்டுப் பாஸின் கதை

கள்ளக்குறிச்சி மாவட்டம் எலவனாசூர்கோட்டையிலிருந்து சென்னைப் பக்கம் உள்ள ஒரு தீம் பார்க்குக்குப் போக வேண்டுமென்றால், உளுந்தூர்பேட்டை வந்து, திருச்சி - சென்னை நெடுஞ்சாலையைப் பிடித்து, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போக வேண்டும். பள்ளிச் சுற்றுலா என்றால் பஸ் விடியற்காலை இருட்டில் கிளம்பி நள்ளிரவில்தான் திரும்பும். குடும்பமாகப் போவதென்றால் கோடை விடுமுறை, இல்லையென்றால் பொங்கல் விடுமுறை. அன்றைக்குத்தான் ஊரே அங்கே இருக்கும்! கூட்டம் அதிகமாக இருந்தால் "அடுத்த வாரம் வந்துகொள்ளலாம்" என்று திரும்பிவிட முடியாது. அந்த அடுத்த வாரம் சில வருடங்கள் கழித்துத்தான் வரும்.

அதே பார்க்குக்குப் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் குடியிருப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. செவ்வாய்க்கிழமை மாலை வரலாம், இரண்டு ராட்டினம் ஏறலாம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

இந்த இரண்டு பேரில் ஒரு பார்க் யாருக்காக இருக்கிறது? வேடிக்கையான கேள்வி போலத் தோன்றினாலும், அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் நாற்பது வருடங்களாக இதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சண்டையின் பெயர்தான் ஆண்டுப் பாஸ்.

முதல் நாளே நெரிசல்

ஒரே கட்டணத்தில் எல்லா விளையாட்டும் என்பது புதிய யோசனை இல்லை. நியூயார்க்கின் கோனி தீவில் 1897-ல் ஜார்ஜ் டில்யூ தொடங்கிய ஸ்டீப்பிள்சேஸ் பார்க்கிலேயே 25 சென்ட்டுக்கு அப்படி ஒரு டிக்கெட் இருந்தது. 1920-ல் சுரங்க ரயில் அங்கே வந்து சேர்ந்தது. கட்டணம் வெறும் 5 சென்ட். அதன் பிறகு கோடைக்கால ஞாயிறுகளில் அந்தக் கடற்கரையில் லட்சக்கணக்கில் ஜனம். போக்குவரத்து மலிவானால் கூட்டம் தானாக வரும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

வால்ட் டிஸ்னி கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு நிலத்தில் டிஸ்னிலேண்டைக் கட்டினார். 1955 ஜூலை 17 அன்று அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டும் முன்காட்சி. ஆனால் போலி அழைப்பிதழ்கள் புழங்கியதால், எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக, சுமார் 28,000 பேர் உள்ளே வந்துவிட்டார்கள். வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் மாட்டிக்கொண்டன. குழாய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் கழிப்பறைக் குழாய்களா, குடிநீர்க் குழாய்களா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. கழிப்பறை வென்றது, ஜனம் தாகத்தில் தவித்தது. இதெல்லாம் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பாகிக் கொண்டிருந்தது என்பதுதான் கொடுமை!

ஆக, இந்தத் தொழில் பிறந்த நாளிலேயே கூட்டப் பிரச்சினையும் கூடவே பிறந்துவிட்டது.

ஏ முதல் ஈ வரை

முதலில் நுழைவுக்கு ஒரு டாலர், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் காசு என்று இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே கூப்பன் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று மூன்று வகைக் கூப்பன்கள். 1956-ல் டி, 1959-ல் ஈ சேர்ந்தன. ஏ கூப்பனுக்கு மெயின் தெரு குதிரை டிராம் போன்ற சின்னச் சின்ன சவாரிகள். ஈ கூப்பனுக்கு மேட்டர்ஹார்ன் மலை போன்ற பெரியவை.

இது பார்ப்பதற்கு வெறும் பணம் வாங்கும் வழி. ஆனால் கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் கருவியும் இதுதான். ஒருவர் கையில் இருக்கும் ஈ கூப்பன்கள் சில மட்டுமே. அவை தீர்ந்தால் மீதி நேரத்தை ஏ, பி கூப்பன்களோடு கழிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கூப்பனை வீணாக்க யாருக்கு மனம் வரும்? அதனால் சின்ன ராட்டினங்களிலும் ஆள் இருந்தது. பெரிய ராட்டினத்தின் வரிசையும் ஓரளவு அடங்கி இருந்தது.

1982-ல் கூப்பன் முறை முடிவுக்கு வந்து, ஒரே டிக்கெட்டில் எல்லா விளையாட்டும் என்றானது. ஜனங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் எல்லாம் ஒரே விலை என்றதும் எல்லோரும் பெரிய ராட்டினத்துக்கே ஓடினார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் மாதக் கட்டணம் கட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வரிசையில் மட்டும் மொத்தமாக நிற்பது போல!

காலி நாட்களை நிரப்ப வந்த பாஸ்

ஆண்டுப் பாஸும் 1980-களில் வந்ததுதான். இதன் கணக்கு எளிது. ஒரு தீம் பார்க்குக்குச் செலவில் பெரும்பகுதி கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு. பள்ளி நடக்கும் மாதங்களில் ஒரு புதன்கிழமை ரோலர் கோஸ்டர் பாதி காலியாக ஓடினாலும் மின்சாரமும் ஆள் கூலியும் குறையாது. அந்தக் காலி இருக்கையில் பக்கத்து ஊர்க்காரரை உட்கார வைத்தால் கூடுதல் செலவு அனேகமாக இல்லை. அவர் வாங்கும் சாப்பாடும் பொம்மையும் லாபம். வருடத்துக்கான பணமும் முன்கூட்டியே கைக்கு வந்துவிடுகிறது. ரயில் சீசன் டிக்கெட்டின் தீம் பார்க் வடிவம் என்று சொல்லலாம்.

வாங்குபவருக்கும் லாபம். சில தடவை போனாலே போட்ட பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் "இலவசம்". சிக்கல் இந்த "இலவசம்" என்ற இடத்தில்தான் இருக்கிறது. வருகைக்கு விலை இல்லையென்றால் வருகைக்கு எல்லையும் இல்லை. இதற்கு ஓர் உதாரணம்: ஒரு பாஸ்காரர் 2012 ஜனவரி 1 முதல் 2020 மார்ச் 13 வரை ஒரு நாள் விடாமல் 2,995 நாட்கள் டிஸ்னிலேண்டுக்குப் போய் கின்னஸ் சாதனை படைத்தார். தொடங்கியபோது அவருக்கு வேலை இல்லை. மனதைத் தேற்றிக்கொள்ளப் போனவர் அப்படியே போய்க்கொண்டிருந்தார். இதைப் படிக்கும்போது அவர்மேல் கோபம் வராது. பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பார்க் என்பது பூங்காவும் நடைபாதையும் போன்றது என்பது புரியும்.

பின்னாளில் கலிபோர்னியாவாசிகளுக்கு மாதத் தவணையும் வந்தது. மொத்தமாகப் பணம் கட்ட முடியாதவர்களும் பாஸ் எடுத்தார்கள். தென் கலிபோர்னியாவின் மக்கள்தொகையோ இரண்டு கோடிக்கும் மேல். காலி நாட்களை நிரப்ப வந்த பாஸ், கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்த நாட்களையும் நிரப்பத் தொடங்கியது.

திருப்பம்

நிர்வாகம் முதலில் விலையையும் தடை நாட்களையும் வைத்துச் சமாளித்துப் பார்த்தது. மலிவான பாஸ் என்றால் விடுமுறை நாட்களில் அனுமதி இல்லை. 2014-ல் தென் கலிபோர்னியாக்காரர்களுக்கான ஒரு வகைப் பாஸைப் புதிதாக விற்பது நிறுத்தப்பட்டது. 2015 அக்டோபரில் தடை நாளே இல்லாத பாஸின் விலை முதல் முறையாக ஆயிரம் டாலரைத் தாண்டி 1,049 டாலர் ஆனது. 2016-ல் ஒரு நாள் டிக்கெட்டுக்கும் மூன்று விலைகள்: சாதாரண நாள் 95, நடுத்தர நாள் 105, உச்ச நாள் 119 டாலர்.

2019 மே 31 அன்று ஸ்டார் வார்ஸ் பகுதி திறக்கப்பட்டபோது ஒரு விசித்திரம் நடந்தது. பயங்கரக் கூட்டம் வரும் என்று பயந்து முன்பதிவு முறை வைத்தார்கள். பல பாஸ்களுக்குத் தடை நாட்கள் போட்டார்கள். வெளியூர்க்காரர்களும் கூட்டத்துக்குப் பயந்து பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். விளைவு, அந்தக் கோடையில் டிஸ்னிலேண்ட் வழக்கத்தைவிடக் காற்று வாங்கியது! கூட்டம் மட்டுமல்ல, கூட்டம் வரும் என்ற பேச்சும் ஜனங்களின் திட்டத்தை மாற்றும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பார்க் மூடப்பட்டது. 2021 ஜனவரியில் பழைய ஆண்டுப் பாஸ் திட்டமே ரத்தானது. ஏப்ரல் 30 அன்று பார்க் திறந்தது. ஆகஸ்டில் 'மேஜிக் கீ' என்ற பெயரில் பாஸ் திரும்பி வந்தது: 399, 649, 949, 1,399 டாலர் என நான்கு வகை. ஆனால் ஒரு பெரிய மாற்றம். பாஸ் இருந்தால் மட்டும் போதாது; வரும் நாளை முன்பதிவு செய்ய வேண்டும். அந்த நாளுக்குப் பாஸ்காரர்களுக்கென ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டால் வாசலில் வேலை இல்லை.

இங்கேதான் சண்டை நீதிமன்றத்துக்குப் போனது. 1,399 டாலர் பாஸுக்குத் தடை நாட்களே இல்லை என்று சொல்லி விற்றிருந்தார்கள். ஆனால் முன்பதிவு செய்யப் போனால் பல நாட்களில் இடமில்லை. அதே நாட்களுக்கு ஒரு நாள் டிக்கெட் மட்டும் கிடைக்கிறது என்பது புகார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்காரர்கள் சார்பான அந்த வழக்கில், 2023-ல் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குள் அந்தப் பாஸின் இடத்தில் 1,599 டாலருக்கு வேறொரு பாஸ் வந்துவிட்டது. அதில் கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டிய நாட்கள் தடை நாட்கள் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது.

இரு தரப்பு நியாயம்

வெளியூர்க்காரர் தரப்பு இது: "வாழ்நாளில் ஒருமுறை வருகிறோம். விமானம், ஓட்டல், டிக்கெட் என்று சேமிப்பைக் கொட்டுகிறோம். தினமும் வருபவர்கள் எங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்."

பாஸ்காரர் தரப்பு: "மழையிலும் குளிரிலும் வந்து இந்த இடத்தை வாழவைத்தவர்கள் நாங்கள். உங்களுக்குப் பணம் தேவைப்பட்டபோது எங்களிடம் பாஸ் விற்றீர்கள். இப்போது நாங்கள் கூட்டமா?"

2022 ஆகஸ்டில் டிஸ்னி தன் காலாண்டு அறிக்கையில், டிஸ்னிலேண்டுக்கு வருபவர்களின் "கலவை" வருமானத்துக்குச் சாதகமாக இல்லை என்ற பொருளில் ஒரு வரி எழுதியது. அது தங்களைத்தான் குறிக்கிறது என்று பாஸ்காரர்கள் கொதித்தார்கள். அதையே கேலியாக டி-ஷர்ட்டில் அச்சிட்டுப் போட்டுக்கொண்டும் வந்தார்கள்!

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும்போது மூன்றாவது ஆள் தப்பித்துவிடுகிறார். ஒரு நாளில் எத்தனை பேருக்கு இடம் என்பது வாசலில் டிக்கெட் விற்பவருக்குத் தெரியும். அதைவிட அதிகமான பேருக்கு "எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்று விற்றது அவர்தான். ஆண்டுப் பாஸ் என்பது உண்மையில் நாட்களை விற்பது. கையில் இருக்கும் நல்ல நாட்களைவிட அதிகமாக விற்றால் வரிசை நீளத்தான் செய்யும்.

நம் பக்கத்தில்

இது அமெரிக்கக் கதை மட்டும் இல்லை. கூட்டத்தைப் பங்கிடப் பொதுவாக மூன்று வழி உண்டு: காசு, காத்திருப்பு, முன்பதிவு. மூன்றையும் திருமலையில் ஒரே நாளில் பார்க்கலாம். தர்ம தரிசனத்துக்குக் காத்திருப்பு. 300 ரூபாய் தரிசனத்துக்குக் காசும் முன்பதிவும் சேர்ந்து. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறக்கப்பட்ட வொண்டர்லா பார்க்கிலும் சாதாரண டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, கூடுதல் காசு கொடுத்தால் 'ஃபாஸ்ட் ட்ராக்' என்று வேறு வரிசை. ஒரு வரிசை வேகமாக நகர்ந்தால் இன்னொன்று மெதுவாகும். ராட்டினத்தில் இருக்கைகள் கூடுவதில்லை.

ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸும் இதே கேள்விதான். சீசனில் நீலகிரிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வண்டிகள் வருவதாகக் கணக்கு வந்தபின், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பு வைக்கப்பட்டது. உள்ளூர் வண்டிகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் விலக்கு. நீலகிரி வியாபாரிகள் அந்த ஏப்ரலில் கடையடைப்பு செய்து எதிர்த்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 2025 சீசனில் எண்ணிக்கை முன்கூட்டியே சொல்லப்பட்டது, அதற்கு உட்பட்டுத்தான் பாஸ் கொடுக்கப்பட்டது. அரசு பஸ்ஸில் வருபவருக்கு வாசல் திறந்தே இருந்தது.

டிஸ்னிலேண்ட் இதைத் தலைகீழாகச் செய்தது. முதலில் பாஸ் விற்றது, எண்ணிக்கையைப் பிறகு சொன்னது.

நம் ஊர்ப் பார்க்குகள் இன்னும் பெரிதாகும். சுற்றிலும் புதிய குடியிருப்புகள் வரும். ஆண்டுப் பாஸுக்குக் கிராக்கியும் கூடும். பாஸ் விற்பதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் பொங்கல், கோடை விடுமுறை போன்ற நாட்களில் பாஸுக்கு இத்தனை இடம், அன்று டிக்கெட் எடுப்பவருக்கு இத்தனை இடம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். பக்கத்து ஊர்க்காரருக்கு வருடத்தில் முந்நூறு நாட்களுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. 200 கிலோமீட்டர் பஸ்ஸில் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளையும் இரண்டு பேருக்கு விற்காமல் இருந்தால் போதும்.