மீட்பிலிருந்து மாற்றுக்கு: கேரளப் பழங்குடிகளின் நில உரிமை வரலாறு

தம்பானூர் தொடர்வண்டி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது கேரளத் தலைமைச் செயலகம். 2001 ஆகஸ்ட் 30 அன்று, வயநாடு உள்ளிட்ட மலைப்பகுதிகளிலிருந்து வந்த பழங்குடி மக்கள் அதன் முன் குடில்கள் அமைத்துத் தங்கினர். சி. கே. ஜானு தலைமையில் 48 நாட்கள் நீடித்த இப்போராட்டம் 'குடில் கெட்டிச் சமரம்' எனப்பட்டது. இதன் வேர் கால் நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு சட்டத்தில் இருக்கிறது.

1975-இல் கேரளச் சட்டமன்றம், பழங்குடிகளிடமிருந்து கைமாறிய நிலங்களை மீட்டளிக்கும் சட்டத்தை இயற்றியது. அதற்கான விதிகள் 1986-இல்தான் வகுக்கப்பட்டன. அதன் பின்னரும் நிலம் திரும்பவில்லை. மருத்துவர் நல்லதம்பி தேரா தொடுத்த பொதுநல வழக்கில், சட்டத்தை ஆறு மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு 1993-இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அரசோ சட்டத்தையே திருத்த முற்பட்டது. 1996-இல் நிறைவேறிய திருத்த முன்வரைவைச் சட்டமன்றத்தில் எதிர்த்தவர் கே. ஆர். கௌரி அம்மா ஒருவரே. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. ஆயினும் 1999-இல் புதிய சட்டம் வந்தது. இரண்டு ஹெக்டேர் வரையிலான வேளாண் நிலத்தை வாங்கியவரே வைத்துக்கொள்ளலாம், பழங்குடிக்கு 'மாற்று நிலம்' தரப்படும் என்றது அது. 2009-இல் உச்சநீதிமன்றம் இதனை ஏற்றது. 'மீட்டளித்தல்' இருந்த இடத்தில் 'மாற்று' அமர்ந்தது.

எனினும், பழைய சட்டம் முழுமையானது என்று கருதுவதும் பிழையே. கைமாற்றத்தை மெய்ப்பிக்க இயன்றவர்க்கே அது பயன்படும். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமைகளாய் உழைத்த பணியர், அடியர் போன்றோரிடம் இழப்பதற்குப் பட்டாவே இருந்ததில்லை. எனவேதான் 2001-இன் கோரிக்கை நில மீட்பாக அன்றி, நிலமற்ற அனைவருக்கும் நிலம் என்பதாக விரிந்தது. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று அரசு ஓர் ஏக்கர் முதல் ஐந்து ஏக்கர் வரை வழங்க உடன்பட்டது. வாக்குறுதி தாமதமானபோது முத்தங்கா வனத்தில் மக்கள் குடியேறினர். 2003 பிப்ரவரி 19 அன்று அங்கே காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. அன்றைய மோதலில் ஒரு பழங்குடியினரும் ஒரு காவலரும் உயிரிழந்தனர். 2014-இல் அதே தலைமைச் செயலகத்தின் முன் 162 நாட்கள் மக்கள் நின்றே போராடினர்.

கனடாவின் லூபிகான் ஏரிக் கிரீ மக்களின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1899-இன் எட்டாம் ஒப்பந்தத்தில் விடுபட்ட அச்சிறு சமூகத்திற்கு நிலத் தீர்வு கிட்டியது 2018-இல். அங்கே ஆவணத்தில் பெயர் இல்லாமை தடையாயிற்று. கேரளத்தில் பட்டா இல்லாதோரைச் சட்டம் காணவில்லை. பட்டா இருந்தோருக்குச் சட்டமே மாறியது. நில உரிமை வரலாற்றை எழுதுவோர், மக்கள் இழந்ததை மட்டுமன்றி, எந்த இழப்பைச் சட்டம் இழப்பாகவே கணக்கில் கொள்ளவில்லை என்பதையும் ஆராய வேண்டும்.