கேசட்டை மறுத்தவர்கள் இணையத்தில் கடை திறந்த கதை

படம் மக்களைத் தேடி வந்த காலம் ஒன்று இருந்தது. தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். நடமாடும் படவண்டி வந்து நிற்கும். பாயைத் தூக்கிக்கொண்டு லயத்துக் குடும்பங்கள் முன்னதாகவே இடம் பிடிக்கும். என்ன படம், என்றைக்கு என்பதை வண்டிக்காரரோ தோட்ட நிர்வாகமோ முடிவு செய்யும். பட்டணத்துக் கொட்டகைக்குப் போனாலும் காட்சி நேரம் கொட்டகைக்காரருடையதுதான்.

1980களில் வீடியோ கேசட் பரவியபோதுதான் பார்க்கிற நேரம் பார்ப்பவர் கைக்கு வந்தது. ஆனால் அதற்காகக் கொடுத்த காசு படம் எடுத்தவரைப் போய்ச் சேர்ந்ததா? கள்ளக் கேசட்டும், அதன் பின் வந்த கள்ள விசிடியும் நடுவிலேயே அள்ளிக்கொண்டன. 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. படம் வீட்டுக்குள்ளேயே வந்தது என்றாலும், நேரம் மறுபடியும் நிலையத்தின் கைக்குப் போய்விட்டது.

நேரம் பார்ப்பவருக்கு, காசு படத்துக்கு உரியவருக்கு என்று இரண்டையும் ஒருசேரக் கொடுக்க இணையத்தால் முடியும் என்று 2006இல் இந்தியாவில் துணிந்து இறங்கியவர்கள் யார்? புதிதாக முளைத்த கணினி நிறுவனம் அல்ல. மும்பையின் பழம்பெரும் ராஜ்ஸ்ரீ குடும்பம்.

ராஜ்ஸ்ரீயை 1947இல் தாராசந்த் பர்ஜாத்யா தொடங்கியபோது அது படம் எடுக்கும் நிறுவனமே அல்ல. படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோகும் விநியோக நிறுவனம். தமிழர்களுக்கும் அதில் தொடர்பு உண்டு. எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' இந்தியில் வடநாட்டைக் கலக்கியபோது அதன் விநியோகத்திலும் விளம்பரத்திலும் பர்ஜாத்யாவின் கை இருந்தது. சொந்தமாகப் படம் எடுக்க அவர்கள் வந்தது 1962இல், 'ஆர்த்தி' மூலம்.

இந்தக் குடும்பம் வீடியோவை எப்படிப் பார்த்தது என்பது சுவையான செய்தி. 1994இல் 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' வெளிவந்தபோது வீடியோ கேசட்டை வெளியிடாமல் நிறுத்தி வைத்தார்கள். முதலில் தேர்ந்தெடுத்த சில அரங்குகளில் மட்டுமே திரையிட்டார்கள். கேசட் பார்த்தே பழகிப்போன குடும்பங்கள் மறுபடியும் கொட்டகைக்குக் கிளம்பின. வீட்டில் பார்ப்பதை அவ்வளவு பிடிவாதமாக மறுத்தவர்கள் அவர்கள்.

அதே வீட்டார்தான் 12 ஆண்டுகள் கழித்து, 2006 நவம்பர் 10ஆம் தேதி 'விவாஹ்' படத்தைத் திரையரங்கில் வெளியிட்ட அன்றே தங்கள் சொந்த இணையத்தளத்திலும் விற்றார்கள். கட்டணம் சுமார் 10 அமெரிக்க டாலர். முன்னின்று நடத்தியவர் தாராசந்தின் பேரன் ரஜத் பர்ஜாத்யா. பாட்டனார் ரீல் பெட்டியை ரயிலில் ஏற்றினார். பேரன் கம்பியில் ஏற்றினார், அவ்வளவுதான் வித்தியாசம். நெட்ஃபிளிக்ஸ் தன் இணைய ஒளிபரப்பைத் தொடங்கியதே 2007 ஜனவரியில்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

விலையை ஏன் டாலரில் வைத்தார்கள்? ஒரு சின்னக் கணக்குப் போதும். 2004ஆம் ஆண்டு இந்திய அரசுக் கொள்கைப்படி வினாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது அகண்ட அலைவரிசை. 700 மெகாபைட் அளவுள்ள ஒரு படத்தை அந்த வேகத்தில் இறக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும் என்பது தனி! நம் நாட்டில் ஸ்ட்ரீமிக்ஸ் 512 கிலோபிட் இணைப்பு வைத்திருந்தவருக்கும் மூன்று மணி நேரம் பிடிக்கும், அதுவும் வேகம் குறையாமல் வந்தால். ஆக, அந்தக் கடை உண்மையில் திறக்கப்பட்டது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருந்த இந்தியக் குடும்பங்களுக்காக. வெளியூரில் வாழ்பவனுக்குத்தான் படத்தின் பசி அதிகம் என்பது விநியோகக்காரருக்குத் தெரியாதா என்ன?

அப்படியென்றால் தமிழ்ப் படத்துக்கு அன்றே ஏன் இப்படியொரு கடை வரவில்லை? தமிழர்களும் உலகமெங்கும் இருந்தார்கள். தொழில்நுட்பமும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தடை பத்திரத்தில் இருந்தது. கோடம்பாக்கத்தில் 'எஃப்.எம்.எஸ். உரிமை' என்றொரு சொல் உண்டு. வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர் என்பதன் சுருக்கம் அது. கடன் வாங்கிப் படம் எடுக்கும் தயாரிப்பாளர், வட்டி கட்டுவதற்காக இந்த உரிமையை மொத்தமாக ஒரு தொகைக்கு விற்றுவிடுவார். தொலைக்காட்சி உரிமை ஒருவரிடம், கேசட் உரிமை இன்னொருவரிடம், சில சமயம் நெகட்டிவே மூன்றாமவரிடம். இப்படிச் சிதறிய பிறகு இணையத்தில் விற்க யாரிடம் கையெழுத்து வாங்குவது? ராஜ்ஸ்ரீயோ தன் படங்களைத் தானே எடுத்து, தானே விநியோகித்து, உரிமையையும் கையில் வைத்திருந்தது. கணினி அறிவைவிட அந்தப் பழைய பீரோதான் அவர்களுக்குப் பெரிய முதல்.

கட்டணக் கடை பெரிதாக வளர்ந்தது என்று சொல்ல முடியாது. பின்னர் ராஜ்ஸ்ரீ யூடியூப் பக்கம் சாய்ந்து, விளம்பரத்தோடு இலவசமாகக் காட்டும் வழிக்கு வந்தது. தமிழுக்கும் ஓர் அலைவரிசை வைத்தது. ரஜத் பர்ஜாத்யா 2016இல் இளவயதிலேயே காலமானார்.

தமிழில் அந்தத் துணிச்சலைக் காட்டியவர் கமல்ஹாசன். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தைத் திரைக்கு வரும் முன்பே டி.டி.எச். வழியாக 1,000 ரூபாய்க்குக் காட்டப்போவதாக அறிவித்தார். திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தத் திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. 2015இல் சேரன் தன் படத்தைக் குறுந்தட்டாக நேரே வீடுகளுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை.

2020இல் சூர்யாவின் நிறுவனம் தயாரித்த 'பொன்மகள் வந்தாள்' திரையரங்கைத் தொடாமலே அமேசானுக்குப் போனபோதும் அதே எதிர்ப்புக் குரல் எழுந்தது. ஆனால் அந்த மே 29ஆம் தேதி தமிழகத்தில் கொட்டகைகள் பூட்டிக் கிடந்தன. மலேசியாவிலும் நடமாட்டக் கட்டுப்பாடு. தெலுக் இந்தானில் இணைய இணைப்பும் சந்தாவும் வைத்திருந்த வீடுகளுக்கு, சென்னைக்கு வந்த அதே நாளில் படம் வந்து சேர்ந்தது.