வேகம் கூட்டுமுன் உயிர் கொடுங்கள்: பழைய லோட்டஸ் டேர்போவைத் திருத்துவது எப்படி?

மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிப்போன 1990களில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறின. அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவாக இருந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். சிலிண்டருக்குள் போகும் கலவையை அவை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே நசுக்கின. அதற்கு மேல் நசுக்கினால் மண்ணெண்ணெய் நேரங்கெட்டு வெடிக்கும். எஞ்சின் ‘தட்டத்’ தொடங்கும்.

பிரித்தானியாவில் பிறந்த முற்றிலும் வேறான ஒரு காரிலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். 1980இல் அறிமுகமான லோட்டஸ் எஸ்பிரி டேர்போவின் அமுக்க விகிதம் 7.5. ஆனால் இங்கே காரணம் வேறு. அந்தக் காரணத்தை விளங்கிக்கொள்ளாமல் இந்தக் காரில் ஸ்பனரை வைப்பது ஆபத்து.

காரின் கதை

இங்கிலாந்தின் நோர்போக்கில் உள்ள ஹெதல் என்ற சிற்றூரே லோட்டஸின் இருப்பிடம். நிறுவனர் கொலின் சப்மனின் கொள்கை, எடையைக் குறை என்பது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோர்ஜெற்றோ ஜியுஜாரோ வரைந்த எஸ்பிரி 1975இல் காட்சிக்கு வந்தது. ஆப்பு வடிவிலான பைபர் கிளாஸ் உடல், உள்ளே முதுகெலும்பு போன்ற உருக்குச் சட்டம், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எஞ்சின். முதல் எஸ்பிரிகளில் இருந்தது சுமார் 160 குதிரைவலு. டேர்போ வந்தபோது, நான்கு சிலிண்டர் கொண்ட 2.2 லீற்றர் எஞ்சினிலிருந்து 210 குதிரைவலு கிடைத்தது. 1981இல் ஜேம்ஸ் பொண்ட் படமொன்றிலும் இந்தக் கார் வந்துபோனது.

டேர்போ என்ன செய்கிறது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளும் கூடலாம், வலுவும் கூடும்.

ஆனால் காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான, ஏற்கெனவே அழுத்தப்பட்ட காற்றை பிஸ்டன் மேலும் நசுக்கும்போது, நல்ல பெற்றோல்கூட மண்ணெண்ணெய்போல நேரங்கெட்டு வெடிக்கலாம். அதனால்தான் டேர்போ இல்லாத எஸ்பிரியில் ஒன்பதுக்கு மேல் இருந்த அமுக்க விகிதத்தை லோட்டஸ் பொறியியலாளர்கள் 7.5ஆகக் குறைத்தார்கள். டேர்போவின் அழுத்தத்தையும் சதுர அங்குலத்துக்கு 8 இறாத்தல் அளவில் நிறுத்தினார்கள். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி அந்த ஆரம்பக் கார்களில் இல்லை.

முதலில் மீட்பு

இப்படியொரு காரை வாங்குபவருக்கு முதலில் வரும் ஆசை, இன்னும் வேகம். முதலில் செய்ய வேண்டியவையோ யாரும் படம் எடுத்துக் காட்டாத வேலைகள்.

எரிபொருள் குழாய்களே முதலாவது. எஞ்சினின் இருபுறமும் பெற்றோல் தாங்கிகள். பக்கத்திலேயே கொதிக்கும் டேர்போ. பிரித்தானியாவில் வழமையான பெற்றோலில் 2021 முதல் 10 வீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. பழைய இறப்பர் குழாய்களை அது வெடிக்கச் செய்யும். ஒரு கசிவு போதும், பைபர் கிளாஸ் உடல் முழுவதும் எரிந்துபோக. எனவே எல்லாக் குழாய்களையும் எதனோல் தாங்கும் புதியவையாக மாற்ற வேண்டும். தாங்கிகள் நுரைப் பஞ்சின் மேல் அமர்ந்திருக்கின்றன. பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைப்பதால், தாங்கிகள் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் துருப்பிடிக்கும்.

அடுத்தது ரைமிங் பெல்ற். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். காரின் வரலாறு தெரியாவிட்டால், மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

பைபர் கிளாஸ் துருப்பிடிக்காது என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. உடல் துருப்பிடிக்காது, பூச்சில் சிலந்தி வலைபோல் வெடிப்பு விழும். உள்ளே இருப்பது உருக்கு. டேர்போ கார்களின் சட்டத்துக்கு நாகப்பூச்சு உண்டு என்பது ஆறுதல். ஆனாலும் மோதுண்ட கார் என்றால் அது நேராக இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

எஞ்சினைத் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அலுமினிய புளொக்கினுள் சிலிண்டர் லைனர்கள் தனித்தனியாகப் பொருத்தப்பட்டுள்ளன. ஹெட்டைக் கழற்றிய பின் லைனர்களை இறுக்கிப் பிடிக்காமல் கிராங்கைச் சுற்றினால், அவை இடம்பெயர்ந்து தண்ணீர் ஒயிலில் இறங்கும்.

பிறகே மாற்றம்

டேர்போ காரின் வலுவைக் கூட்ட மிக மலிவான வழி, வேஸ்ட்கேற் ஸ்பிரிங்கை இறுக்கி அழுத்தத்தை உயர்த்துவது. எஞ்சினைக் கெடுக்கும் மிக மலிவான வழியும் அதுவே. இந்தக் காரில் டேர்போ தள்ளும் காற்று இரண்டு டெலோர்ற்றோ காபரேற்றர்களின் ஊடாகவே செல்கிறது. காற்றின் அழுத்தம் உயரும்போது பெற்றோலின் அழுத்தமும் அதற்கு மேலாக உயர வேண்டும். பின்தங்கினால் கலவையில் பெற்றோல் குறையும், வெப்பம் ஏறும், பிஸ்டனில் ஓட்டை விழும்.

லோட்டஸே இதற்கு நல்ல ஆசிரியர். 1989இல் வந்த எஸ்பிரி எஸ்இ மாதிரியில் அதே 2.2 லீற்றர் எஞ்சின் 264 குதிரைவலு தந்தது. அழுத்தத்தை மட்டும் கூட்டி அதை அடையவில்லை. அழுத்திய காற்றை நீரால் குளிர்வித்தார்கள். காபரேற்றருக்குப் பதிலாகக் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் ஊசிகளைப் பொருத்தினார்கள். வீட்டில் மாற்றம் செய்பவருக்கும் ஒழுங்கு அதுவே: குளிர்விப்பு, எரிபொருள், தீப்பொறி நேரம், கடைசியாகவே அழுத்தம். ஆரம்பக் கார்களின் கியர்பொக்ஸ் சிற்றோன் எஸ்எம் காருக்காகச் செய்யப்பட்டது என்பதும் நினைவிருக்கட்டும். கூடுதல் வலு அதையும்தான் தாக்கும்.

ஓட்டும் பழக்கமும் மாற வேண்டும். வேகமாக ஓடி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தினால், கொதிக்கும் டேர்போவுக்குள் தேங்கும் ஒயில் கரியாகிவிடும். ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துவது செலவில்லாத காப்புறுதி.

எதை வைத்திருப்பது?

அசலாக மீட்பதா, மேம்படுத்துவதா என்ற விவாதம் முடிவதில்லை. நடைமுறை விதி ஒன்று உண்டு: திரும்பப் பெறக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்யுங்கள், சட்டத்தை வெட்டாதீர்கள், கழற்றிய பாகங்களுக்குப் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். அடுத்து வாங்குபவர் அதற்காக நன்றி சொல்வார்.

நம்முடைய பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களும் இந்த விதியைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரு ஏ 40இன் பொனற்றைத் திறக்கும்போது, பெற்றோல் துளியாக இறங்கக் கட்டிய சிறு போத்தலோ குழாயோ இருந்தால், அது தொழிற்சாலையிலிருந்து வந்ததல்ல. கையேட்டின்படி அது கழற்றப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கார் தடைக்காலத்தில் எப்படி ஓடியது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி இல்லை. கழற்றினாலும் எறிந்துவிடாதீர்கள்.